ஐரிஸ் டீச்சர் ஊசி போடுவாரா?

கேள்வி: நர்சிங் மாணவிகள் கேர் பிளானைக்கூட சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்குகிறார்களாமே! இனி டீச்சர்களே தேவைப்படாதோ?
— வாசகி, திருவனந்தபுரம்

பதில்: உங்கள் மாவட்டத்துக் கடுவயில் கேடிசிடி பள்ளிக்கு 2024-லேயே சேலை கட்டிய ரோபோ டீச்சர் 'ஐரிஸ்' வந்துவிட்டாரே! நர்சிங் கல்லூரிக்கும் கூப்பிடலாம். நோயாளியாக நடிக்கச் சொன்னால் பிரமாதமாக முனகுவார், எத்தனை தடவை "எங்கே வலிக்கிறது?" என்றாலும் எரிந்து விழமாட்டார். முதலாமாண்டுப் பெண்களுக்கு நல்ல பயிற்சி (நிஜ நோயாளிகளுக்கும் நிம்மதி). ஆனால் இன்சுலின் அளவு கேட்டால் தப்பான எண்ணையும் அதே தைரியத்தோடு சொல்லும் ரகம் இந்த ஏஐ. போதாததற்கு, எழுதப்படாத ஆய்வுக் கட்டுரையைச் சாட்சிக்கு அழைக்கும். "கேர் பிளான் அருமை. இந்த நோயாளி எந்தக் கட்டிலில் இருக்கிறார்?" என்று கேட்கத் தெரிந்த டீச்சருக்கு வேலை போகாது.