எதைப் பொறுத்து?

பிளஸ் ஒன்னில் சார்புத் திசைவேகக் கணக்கு எனக்கு அத்துப்படி. செங்குத்தாகப் பெய்யும் மழையில் நடந்து போகிறவர் குடையை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று கேட்டால், டேன் தீட்டா போட்டு, விடைக்குக் கீழே இரட்டைக் கோடும் இழுத்துவிடுவேன். நிஜ மழையில் குடையை முன்பக்கம் சாய்க்கத் தோன்றாமல் விறைப்பாகப் பிடித்து, விறுவிறுவென நடந்து, பேண்ட்டின் முன்பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்து வீடு சேர்வதும் அதே நான்தான்.

ஸ்கூட்டரில் இன்னும் மோசம். பெரிய மழைத்துளி விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 36 கிலோமீட்டரில் வண்டி ஓட்டினால் நான் விநாடிக்கு 10 மீட்டர் முன்னே போகிறேன். ஆக, தலையில் விழுவதைவிட மூஞ்சியில் அறைவதுதான் அதிகம். இது தெரிந்தும், சீக்கிரம் வீடு சேர ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே, "என்னமா சாய்ச்சு அடிக்குது!" என்று மழையைத் திட்டுவேன். மரத்தடியில் ஒதுங்கி நிற்பவருக்கு அதே மழை நேராகத்தான் பெய்யும்.

பஸ் முழுதாக நிற்குமுன் பின்பக்கம் பார்த்து இறங்கி விழுந்ததும் உண்டு. கால் தரையோடு நின்றுவிட்டது. உடம்பு பஸ்ஸின் வேகத்தை விடவில்லை. "வண்டி போற பக்கம் பாத்து இறங்குங்க சார், அதுவும் நின்னப்புறம்" என்றார் கண்டக்டர். நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

படகில் போகிறவருக்குக் கரை பின்னால் நகர்வதுபோலத்தான் விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்று கி.பி. 499 வாக்கிலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். நகர்வது பூமி. அந்தக் கணக்கில் சென்னையில் இருக்கும் நான் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் வாதாடினேன். "சோபாவைப் பொறுத்து நீங்க காலையிலேர்ந்து அசையவே இல்லை" என்றாள். இயற்பியல்படி அதுவும் சரி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தோல்விகள். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. இருவழிச் சாலையில் 60-இல் போன பஸ்ஸை 65-இல் முந்தப் போனேன். பறப்பதாக நினைப்பு. பஸ்ஸைப் பொறுத்து என் வேகம் வெறும் 5, அதாவது நடைவேகம். 12 மீட்டர் பஸ்ஸின் நீளத்தைத் தாண்டவே ஒன்பது விநாடி ஆகும். எதிரே 60-இல் ஒரு லாரி வந்தால், எங்கள் இருவருக்கும் நடுவே உள்ள தூரம் அதற்குள் 300 மீட்டர் சுருங்கிவிடும். லாரி வந்தது. பிரேக் போட்டு, பஸ்ஸின் பின்னால் பூனைபோல் பதுங்கினேன்.

முந்த நினைப்பவர்கள் பக்கத்தில் போகும் பஸ்ஸை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எதிரே வருகிற லாரியை வைத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போங்கள். மார்க் ஒன்றும் குறையாது.