பொறுமையில் சிறந்த முதலாளிக்கு

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு, வேலையிட விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா வந்து போகிறார்கள். பொறுமை என்றால் என்ன என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள், முதலாளி அவர்களே. அந்தப் பெருமையை உங்களுக்குச் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்துக்குத்தான் எத்தனை அவசரம்! 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பணத்தைக் கட்ட உங்களுக்குக் கொடுத்தது ஒரே மாதம். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த ஒரு மாதத்துக்கு மேல் தரவில்லை. அதுவும் எந்த நாளிலிருந்து? சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்தபோது, 1968 ஜூலையில் கீழே விழுந்து இடக்கையை இழந்தார் ஒரு தச்சர். அவர் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளிலிருந்தே பணம் சேர வேண்டியதுதான், இழப்பீட்டு ஆணையர் தொகையை முடிவுசெய்யும் நாளிலிருந்து அல்ல. அரை நூற்றாண்டு ஆகிறது. நீங்கள் பதறவே இல்லை. "ஆர்டர் வரட்டும், பார்க்கலாம்" என்கிற உங்கள் நிதானம் எந்தத் தீர்ப்புக்கும் அசைந்ததில்லை.

உங்கள் நிதி அறிவை எப்படிப் பாராட்டுவது? முப்பது வயதில் சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறக்கிறார். 1923 சட்டத்தின்படி, மாதச் சம்பளத்தில் பாதியை 207.98-ஆல் பெருக்க வேண்டியிருந்தது. 2020 முதல் கணக்கில் கொள்ளப்பட்ட உச்சச் சம்பளம் 15,000 ரூபாய். அப்படியானால் 15,59,850 ரூபாய். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் தனிவட்டி. ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு வட்டி. இறந்தவர் மனைவி வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்துக்கும் வெளியில் வாங்குவது மூணு வட்டிக்கு, சில சமயம் அஞ்சு வட்டிக்கு. அவளுடைய பணத்தையே ஒரு வட்டிக்கு வைத்துக்கொண்டு, அவளை அஞ்சு வட்டிக்கு அனுப்புகிறீர்கள். எந்த வங்கி இவ்வளவு மலிவாக, ஜாமீன் கேட்காமல், உங்களுக்குக் கடன் கொடுக்கும்?

அபராதம் மட்டும் கொஞ்சம் உறுத்தும். இழப்பீட்டில் 50 சதவீதம் வரை விதிக்கலாம். வண்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி வட்டி வரைதான் தாங்கும், அபராதம் முதலாளியுடையது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அபராதம் இல்லை. இந்த இடத்தில்தான் உங்கள் சொல்வன்மை மலர்கிறது. "அவர் என் ஆளே இல்லை, மேஸ்திரி கூட்டிவந்தவர்" என்கிறீர்கள். கான்ட்ராக்டர் வழியாக வந்தவருக்கும் வேலையை ஒப்படைத்தவர்தான் பொறுப்பு என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரியும். "குடித்திருந்தார்" என்கிறீர்கள். சாவு வழக்கில் அந்த வாதம் நிற்காது என்பதும் தெரியும். நிற்காத வாதத்தையும் செத்தவனின் மனைவி முகத்தைப் பார்த்துச் சொல்கிற நெஞ்சுரம் யாருக்கு வாய்க்கும்? வருகைப் பதிவேடு வைக்காததால் அவர் வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை என்று வாதிடும் முன்யோசனையும் உங்களுடையதே.

உங்கள் கையில் காசில்லை என்று நம்பியவர்கள், உத்தரவு வந்த பிறகு வியந்து போகிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டியாக வேண்டும். அன்றைக்கு மொத்தமும் ஒரே காசோலையில் வந்துவிடுகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்காத பணம் வழக்கை நீட்டிக்கக் கிடைக்கிறது.

முழுப் பொறுப்பையும் ஏற்காவிட்டால், ஏற்கிற அளவுக்காவது உடனே கட்டுங்கள் என்று சட்டம் கேட்கிறது. ஏற்கும் அளவு பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்து அதையும் நிறைவேற்றிவிடுகிறீர்கள். அடுத்த வாய்தாவுக்கு அவள் நாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். நீங்கள் ஜூனியர் வக்கீலை அனுப்பி, இன்னொரு தேதி கேட்பீர்கள்.