மெருகும் பாசமும்

வாசகர், மேலநீலிதநல்லூர்.

கே: கிட்டார் கலைஞர்களும் பாடகர்களும் வயதாக ஆக மெருகேறுகிறார்கள் என்று ரசிகர்கள் உருகுகிறார்களே, நிஜமா?

ப: பாதி நிஜம், பாதி பாசம். எரிக் கிளாப்டன் 1970-ல் எலெக்ட்ரிக் கிட்டாரில் அலறவிட்ட ‘லைலா’ பாடலை 1992-ல் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாக வாசித்தார். கிராமி விருதே கிடைத்தது! (இளமையில் ஓடியாடி வாசித்தவர்களும் கவனிக்க.) நம் எஸ்.பி.பி. 1969-ல் ‘அடிமைப் பெண்’ணில் எம்.ஜி.ஆருக்குப் பாடியபோது இளங்குரல். பத்தே வருஷத்தில், கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்காமலேயே, ‘சங்கராபரணம்’ படத்தில் பாடித் தேசிய விருது வாங்கினார். எல்லாருக்கும் இது வாய்க்காது. சிலருக்கு வயது மட்டும்தான் ஏறும்; சுருதி இறங்கிவிடும். ரசிகர் காதுக்கு அது தெரியாது, அதுதான் பாசம். அடுத்த கோயில் கொடையில் உங்கள் ஊர்ப் பையன் மேடையேறினால் கல்லெறியாமல் கேளுங்கள். அவனுக்கும் பத்து வருஷம் கொடுங்கள்.