கீழ கேளு

எங்கள் ட்ரூப் பேஸ்காரர் ஏறிய வேனில் பாட்டுப் போடக் கூடாது. போட்டால் முடியாது. முன்னிசை தொடங்கிப் பாடகர் வாய் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து ஃபோனைப் பிடுங்கிக்கொள்ளும். "இப்ப வரும் பாரு" என்பார். வரும். "கேட்டியா?" என்பார். நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. "மேல கேக்காத தம்பி, கீழ கேளு" என்று பத்து விநாடி பின்னால் தள்ளுவார். பிறகு இன்னொரு பத்து விநாடி. 1980இல் வந்த 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய அந்தக் கிட்டார் பாட்டு இருக்கிறதே, எங்கள் வேனில் அது செங்கல்பட்டில் ஆரம்பித்தால் திண்டிவனம் தாண்டியும் பல்லவியிலேயே நிற்கும்.

ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாக வராது. பேஸ் கிட்டாரின் நாலு கம்பியில் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் விநாடிக்கு 41 அதிர்வுதான். அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஃபோனில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கரால் ஆகிற காரியமில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சொல்லிக்கொடுத்த கையோடு அதே ஃபோனை என் காதில் வைத்து அழுத்தி "கேக்குதா, கேக்குதா?" என்பார். கேட்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. கேட்கிறது என்று பொய் சொன்னால் அதைவிட மோசம். "எங்க, பாடிக் காட்டு."

அப்புறம் அவரே பாடிக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு "தும்... துதும்... தூம்" என்று டோல்கேட் வரைக்கும் போகும். எங்கள் டிரைவருக்கு இது தொற்றிவிட்டது. எந்தப் பாட்டையும் அவர் இப்போது தும் துதும் என்றுதான் முணுமுணுக்கிறார். என்ன பாட்டு என்று வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

வேனில் நாங்கள் அகப்பட்டோம், சரி. கல்யாண மண்டபத்தில் அகப்படுகிறவர்கள் பாவம். கச்சேரி முடிந்ததும் யாராவது ஒரு பெரியவர் மேடைக்கு வந்து, நல்லெண்ணத்தோடு, "தம்பி, கிட்டார் பிரமாதமா வாசிச்சீங்க" என்று சொல்லிவிடுவார். கிட்டார்! அவ்வளவுதான், அவர் கையை விட மாட்டார். அது கிட்டார் இல்லை, பேஸ் கிட்டார் என்று தொடங்கி, 1951க்கு முன்னால் ஆளுயர டபுள் பேஸைத் தோளில் சுமந்து அலைந்தவர்களின் துயரத்தைச் சொல்லி, லியோ ஃபெண்டர் என்ற புண்ணியவான் அதற்கு ஃப்ரெட் வைத்துத் தோளில் மாட்டுகிற மாதிரி 'பிரிசிஷன் பேஸ்' செய்து கொடுத்த கதைக்கு வருவார். "அந்த மனுஷனுக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. தெரிஞ்சிருந்தா கெடுத்திருப்பார்." இதைச் சொல்லும்போது எங்கள் லீட் கிட்டார் பையனை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு பெரியவரின் உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்து, ஒரு கம்பியைத் தட்டி, "தெரியுதா? நெஞ்சுல வருதா?" என்பார். பெரியவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கலாம். அதெல்லாம் விசாரிக்க மாட்டார். அதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிடுவார்கள். எங்களுக்குத் தயிர் சாதம் மிஞ்சும்.

இளையராஜாவிடம் வாசித்த சசிதரனையும், ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸையும் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாத ஊர் உருப்படாது என்பது அவர் கட்சி. அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதை ஊருக்கு உணர்த்தும் பொறுப்பை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை.

கருவிகளைப் பற்றி அவர் கருத்து உறுதியானது, தினமும் மாறும். பேஸின் தலையில் இருந்த கம்பெனிப் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். "பேரு முக்கியமில்ல, கைதான் முக்கியம்." மறுநாள் புது பிக்கப் மாட்டிக்கொண்டு வந்து, "கை என்ன பண்ணும், பிக்கப் சரியில்லன்னா?" ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்களைக் கண்டால் ஆகாது. நாலுக்கே இன்னும் முழுசா வேலை கொடுக்கவில்லை என்பார். கம்பி மாற்றவே மாட்டார். கேட்டால், மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகள் பலவற்றுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழிய கம்பி மாற்றியதில்லை என்று பதில் வரும். ஜேமர்சன் கட்சியில் சேர்வதற்கு முன்பு பழைய கம்பிகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஜேமர்சனை அவர் கண்டுபிடித்ததற்கும், இட்லிப் பானையில் கம்பி கிடந்ததை அவர் மனைவி கண்டுபிடித்ததற்கும் அதிக இடைவெளி இல்லை.

வெளிநாட்டு இசைக்குழுக்களை அவர் அநீதி நடந்த இடங்களாகத்தான் நினைவு வைத்திருக்கிறார். மெட்டாலிக்காவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸைக் காதுக்கே எட்டாதபடி அமுக்கிவிட்டார்கள். மற்றபடி மெட்டாலிக்காவை இவர் கேட்டதில்லை, கேட்கவும் பிடிக்காது. ஆனால் மண்டபத்து மிக்ஸர்காரர் பேஸைக் கொஞ்சம் குறைத்தால் போதும், 1988க்குப் போய்விடுவார். மிக்ஸர்காரர் அந்த வருஷம் பிறந்திருக்கவே வாய்ப்பில்லை. பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் 1972இல் திருடுபோய், அது கிடைத்துவிட்டதென்று 2024இல் செய்தி வந்தபோது, காணாமல் போன சித்தப்பா திரும்பி வந்த மாதிரி ஊரெல்லாம் ஃபோன் போட்டார்.

டிரம்ஸ்காரர்கள் அவசரக்காரர்கள். லீட் கிட்டார்காரர்கள் கண்ணாடி பார்த்து வாசிப்பவர்கள். பாடகர்களைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் கிடையாது, கவனித்ததில்லை.

கீபோர்டுக்காரனைப் பற்றி உண்டு. நான்தான் அது. என் மீதுகூட இல்லை, என் இடது கை மீது. ஒத்திகையில் அது கீழ்ப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் போதும், "தம்பி, அது என் வீடு" என்று குரல் வரும். ஒரு முறை அந்தக் கையைப் பையில் போட்டுக்கொண்டு வாசிக்கச் சொன்னார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரிக்குப் பேசிய தொகையில் ஐயாயிரம் குறைந்தால் ட்ரூப் ஓனர் முதலில் கழற்றிவிடுவது பேஸ்காரரைத்தான். பாடகி வேண்டும், ரிதம் பேட் வேண்டும், பின்னால் எரிகிற எல்.இ.டி. திரைகூட வேண்டும். "பேஸைத் தம்பி லெஃப்ட் ஹேண்டுல பார்த்துக்குவார்." கீபோர்டில் ஸ்பிளிட் போட்டு, பாதிக்குக் கீழே பேஸ், மேலே வயலினும் புல்லாங்குழலும், நடுவில் கால் பெடல் என்று இரண்டு ஆள் வேலையை நான் செய்ய வேண்டும். பேமென்ட் ஒரு ஆளுக்குத்தான். கேட்டால், "பட்டன் அமுக்குறதுதானே தம்பி?" என்கிறார்கள். பட்டன்தான். அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டே சரணத்தில் வயலின் வாசித்துப் பாருங்கள். அன்றைக்கு டிரம்ஸ்காரன் ஓட ஆரம்பித்தால் இழுத்துப் பிடிக்க மேடையில் ஆள் கிடையாது. பேஸ்காரர் இருந்தால் கிக் டிரம் விழுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டார், அவன் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். என் இடது கைக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. அவனோடு சேர்ந்து அதுவும் ஓடும். குத்துப்பாட்டு முடியும்போது நாங்கள் எல்லோரும் ஆரம்பித்ததைவிட வேகமாக எங்கேயோ போயிருப்போம். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள், ஓனர் சந்தோஷமாகக் காசை எண்ணுகிறார்.

அப்படிப்பட்ட ராத்திரிகளில் வேனில் பாட்டு முழுசாக ஓடும். வீடு வந்து சேர்ந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அவரிடமிருந்து ஃபோன். தன்னைக் கூப்பிடாததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"கச்சேரி எப்படி?"

"நல்லா போச்சுண்ணே."

"பேஸ்?"

"சமாளிச்சேன்."

"யாராவது கேட்டாங்களா, பேஸ் எங்கன்னு?"

யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

"ரெண்டு பேர் கேட்டாங்கண்ணே."

"ரெண்டு பேரா? யாரு? பையன் வீடா, பொண்ணு வீடா? நம்பர் வாங்கினியா?"