ஆகாது என்று சொல்லாதவர்

தர்மபுரியிலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ, லேத் பட்டறைச் சத்தம் கேட்கும் தெருவில் இப்படி ஒரு மேஸ்திரி இருப்பார். எந்த இன்ஜினையும் எந்த கியர்பாக்ஸையும் காட்டி, "சேருமா?" என்று கேளுங்கள். "செட் பண்ணிடலாம்ணா" என்பார்.

காயலான் கடைக் குவியலில் கிரீஸ் மூடிக் கிடக்கும் பெல் ஹவுசிங்கைத் தடவியே "மகேந்திரா, பியூஜோ டீசல்" என்பார். இல்லாவிட்டால் "மேட்டடோர், பென்ஸ் வம்சம்". போல்ட் துளை எத்தனை, ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம், எல்லாம் விரலுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து வார்ப்பு எண்ணைக் காட்டுவது நம் திருப்திக்கு. மனித முகம்தான் நினைவில் நிற்காது. கல்யாண வீட்டில் சொந்தச் சம்பந்தியையே யாரோ என்று பார்ப்பார். "மாரண்டஅள்ளிங்க, பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் ஏத்துனீங்களே" என்று மனைவி எடுத்துக்கொடுத்ததும், "அட, பத்துப் பல் கிளட்ச் பிளேட்டு! வாங்க சம்பந்தி!"

பெட்ரோல் கட்டுப்படியாகாமல் ஜீப்பும் அம்பாசடரும் டீசலுக்கு மாறிய காலத்தில் வளர்ந்த தொழில் இது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது, இவர் நிற்கவில்லை.

அடாப்டர் தகட்டுக்கு அளவெடுக்கக் காலண்டர் அட்டை போதும். இன்ஜின் முகத்தில் வைத்து உருண்டைச் சுத்தியால் தட்டினால் துளைகள் பதிந்துவிடும். முருகன் படமென்றால் வேல் முனையில் ஒரு போல்ட் விழும்; கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த துளைக்குப் போவார். தகடு அரை அங்குலமென்றால் கியர்பாக்ஸும் அரை அங்குலம் பின்னால் போகும். கிளட்ச் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்க் குழிக்கு எட்டாது. கன்மெட்டலில் நீள புஷ் கடையணும். பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டணும். பிறகு கியர் ராடு சீட்டில் இடிக்கும். ஒவ்வொன்றும் "சின்ன வேலைண்ணா". இந்தச் சின்ன வேலைகளில் வண்டிக்காரரின் ஒரு புளி சீசன் போய்விடும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டில்லை. டயல் கேஜ் முள் ஒரு சுற்றில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆடினால் மொத்தத்தையும் கழற்றிவிடுவார். மையம் விலகினால் பேரிங்கும் கிளட்ச்சும் சித்தேரி மலை பாதி ஏறுவதற்குள் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கேலி பேசுகிறவர்கள் மூட்டையோடு அந்த மலை ஏறியவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஐம்பது வயது தாண்டிய வண்டியைத் தனி வரிசை எண்ணில் பதியலாம் என்று 2021-இல் மத்திய அரசு விதி போட்டது. இன்ஜின், சேசிஸ், பாடி எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அந்த ஆசையில் பெங்களூர்க்காரர் ஒருவர் பழைய ஜீப்பை ஓட்டிவந்தார். பானெட்டைத் திறந்ததும் மேஸ்திரி முகம் மலர்ந்தது. உள்ளே இருந்த டீசல் அவரே ஏற்றியது.

"ஒரிஜினல் இன்ஜின் கிடைக்குமா மேஸ்திரி?"

"பாப்பிரெட்டிப்பட்டில ஒரு கிணத்து மேட்டுல தண்ணி எறைச்சிட்டிருந்திச்சு சார். கேட்டுப் பாக்கலாம். ஆனா இந்த கியர்பாக்ஸ் வேற... நடுவுல ஒரு தகடு போட்டுட்டா..."