அலைட்!

லண்டன்,
சனிக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் இந்த ஊரில் செல்லுபடியாகிறதா என்று போனில் கேட்டீர்களே, ஆகிறது. ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் கவிழ்ந்தேன்.

வந்த அன்றைக்கு ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லி லைன் டியூப் ரயிலில் ஏறினேன். கிரீன் பார்க் நெருங்கும்போது ஒலிபெருக்கியில் ஓர் அம்மாள் நிதானமாகச் சொன்னார்: பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகிறவர்கள் இங்கே 'அலைட்' ஆக வேண்டுமாம். எனக்குத் தெரிந்த அலைட், தீப்பற்றி எரிவது. விளக்கு அலைட், வைக்கோல்போர் அலைட் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? ராஜா வீட்டுக்குப் போகிறவனைப் பாதி வழியிலேயே பற்றிக்கொள்ளச் சொல்கிறார்களே என்று பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். பத்துப் பேர் சாவகாசமாக இறங்கிப் போனார்கள். யார் மேலும் புகை வரவில்லை.

அறைக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். எழுத்துதான் ஒன்று, சொல் இரண்டாம். எரிகிற அலைட் வெளிச்சத்தின் வம்சம். இறங்குகிற அலைட், கனமில்லாததைச் சொல்லும் 'லைட்'டின் வம்சம். பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. சவாரி செய்கிறவன் இறங்கினால் குதிரைக்குப் பாரம் குறையுமல்லவா, அதுதான் அலைட். ஏறி வந்தவனைவிடச் சுமந்து வந்த குதிரையைத்தான் அந்தச் சொல் நினைத்திருக்கிறது, பாருங்கள். சாயங்காலக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் எனக்கு ரயில்மேல் பரிதாபமாக இருக்கிறது.

இறந்தகாலம் என்னடா என்று குட்ட வருவீர்கள். அலைட்டட், அலிட் இரண்டும் சரி, பார்த்துவிட்டேன்.

கற்றதைக் காட்ட வேண்டாமா? மறுநாளே ஆபீஸில், இன்ன ஸ்டேஷனில் அலைட் ஆனேன் என்று சொல்லிவைத்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்னை விக்டோரியா மகாராணி காலத்திலிருந்து வந்தவனைப்போலப் பார்த்தார். பேச்சில் எல்லோருக்கும் 'கெட் ஆஃப்'தான். அலைட் எல்லாம் அறிவிப்புக்கும், கிளையில் வந்து உட்காரும் பறவைக்கும். பறவைக்குச் சரி. இரண்டு பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக நான் இறங்கிய அழகுக்கு அந்தச் சொல் தாங்காது.

சிங்கப்பூர் அத்தை மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அடுத்த ஸ்டாப்பில் அலைட் ஆகிறேன் என்றுதான் சாதாரணமாகப் பேசுமாம். துரை கழற்றிப் போட்ட கோட்டு அங்கே இன்னும் சாயம் போகவில்லை.

கோடையில் வருவதாகச் சொன்னீர்கள். கிரீன் பார்க் வருவதற்குள் பெரியம்மாவிடம் அர்த்தத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் செம்புத் தண்ணீரோடு எழுந்து நின்றுவிடுவார்.

உங்கள்
சின்னவன்