தும்பிக்கை போன யானை

எங்கள் யானைக்குத் தும்பிக்கை போனது 1978 அக்டோபரில். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. வட ஆற்காடு மாவட்டத்தில், திருவண்ணாமலைக்கு மேற்கே, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லிகளுக்கு நடுவில் இருந்தது பள்ளிக்கூடம். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு கீற்றுக் கொட்டகை, இடம் போதாத வகுப்புகளுக்குப் புளியமரம். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் வாத்தியாரும், சொந்தமாகக் கொல்லி இல்லாத நாலு பேரும்தான் வகுப்பில் இருப்போம்.

பழைய எழுத்தைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். லை, ளை, னை, ணை இந்த நாலுக்கும் அப்போது இரட்டைச் சுழி கிடையாது. எழுத்துக்கு முன்னால் வளைந்து ஒரு கை நீளும். பார்த்தால் தும்பிக்கையேதான். யானை என்று எழுதினால் அதில் நிஜமாகவே ஒரு யானை நிற்கும். பானை, பூனை, வீணைக்கும் அதே தும்பிக்கைதான் என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ணா, றா, னாவுக்குத் தனிக்கால் இல்லாமல், எழுத்தின் வாலே கீழே சுற்றிக்கொள்ளும்.

பெரியார் 1935லேயே இவற்றையெல்லாம் தன் குடிஅரசு இதழில் மாற்றிவிட்டார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபர் 19 அன்று ஆணை போட்டது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. எங்கள் ஊர் இதற்கெல்லாம் அசரவில்லை. அரசாணை எதுவும் இல்லாமலே ழகரத்தை ஒழித்து, வாயப்பயம் தின்றுகொண்டிருந்த ஊர் அது.

அசந்தவர் எங்கள் தமிழ் ஐயா ஒருவர்தான்.

ஐ, ஔ இரண்டையும் எடுத்துவிட்டு அய், அவ் என்று எழுதலாம் என்பதும் பெரியாரின் யோசனை. அரசு அதை ஏற்கவில்லை. ஐயாவுக்கு அதில் பெரிய ஆறுதல். "ஐயும் போயிருந்தா நான் இன்னாடா ஆவறது?" என்று வகுப்பிலேயே கேட்டார்.

கணக்கு வாத்தியார் உடனே புது எழுத்துக்கு மாறிவிட்டார். கொள்கையெல்லாம் இல்லை, கரும்பலகையில் எழுதச் சுலபமாக இருக்கிறது என்றார். ஆக, ஐயாவின் முதல் பீரியடில் தும்பிக்கையோடு இருக்கும் எங்கள் யானை, மூன்றாவது பீரியடில் அதை இழந்து நிற்கும். கணக்கில் 'வினா' மாறியது, 'விடை' மாறவில்லை. டகரத்துக்கு முன்பிருந்தே இரட்டைச் சுழிதான். எனக்கு விடை அதற்கு முன்னும் தெரியாது, அதற்குப் பின்னும் தெரியவில்லை.

ஆனால் இந்தச் சீர்திருத்தத்தால் நாட்டிலேயே அதிகம் பலன் பெறப் போகிறவன் நான்தான் என்று நம்பினேன். எனக்கு மூன்று சுழி, இரண்டு சுழி தகராறு உண்டு. பணத்தை 'பனம்' என்றும், பனங்காயை 'பணங்காய்' என்றும் எழுதுவேன். ஐயா நோட்டைத் தூக்கிக் காட்டி, "இது இன்னாடா?" என்றார்.

"சீர்திருத்தங்க ஐயா."

"அவங்க பண்ணது சீர்திருத்தம். நீ பண்றது சீரழிவு. அது இருக்கட்டும், இங்க இன்னா எழுதியிருக்கே?"

"யானைங்க ஐயா."

"தும்பிக்கை எங்க?"

"கவர்மெண்டு எடுத்துக்கிச்சுங்க ஐயா."

வகுப்பு சிரித்தது. ஐயாவும் சிரித்திருப்பார், வாய்க்குள் வெற்றிலை இருந்தது. யானையைப் பழைய எழுத்தில் நூறு தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நூறு தடவை எழுதுவதற்கென்று எங்களிடம் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. தனித்தனியாக யானை செய்கிறவன் மடையன். மேலிருந்து கீழாக முதலில் நூறு 'யா', அடுத்து நூறு 'ன', கடைசியில் நூறு தும்பிக்கை. கோயில் பந்தியில் இலை போட்டு, சோறு போட்டு, குழம்பு ஊற்றுகிற மாதிரி. பெட்டிக்கடையில் ஐந்து பைசா கொடுத்துப் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். எழுபத்து மூன்றாவது தும்பிக்கையில் மை தீர்ந்தது. இன்னொரு ஐந்து பைசாவை எங்கள் வீட்டில் யானைக்காகக் கேட்க முடியாது. மீதி இருபத்தேழும் 'யான' என்றே நின்றன.

ஐயா விரலால் தடவித் தடவி எண்ணினார். எழுபத்து மூன்றைத் தாண்டியதும் விரல் நின்றது.

"இது பழைய எழுத்தும் இல்ல, புது எழுத்தும் இல்ல. இது எந்த ஆட்சியிலடா வந்திச்சி?"

ஆனால் அடிக்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்து, இருபத்தேழு யானைக்கும் அவரே தும்பிக்கை வைத்தார். கடைசி யானை வரை ஒன்றுகூட அவசரமாக வைத்தது இல்லை. பீரியடு முடிந்து மணி அடித்தும் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன். பிறகு வீட்டில் மல்லாட்டை மடிக்கப் போய்விட்டது.

அடுத்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மதியம், ஊர் முழுக்க ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றது. ஐயாவும் விபூதியும் வேட்டியுமாக நின்றார். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழக பஸ் வந்தது. புதிதாக எழுதிய போர்டு. திருவண்ணாமலை என்ற ஊர்ப் பெயரில் மாற வேண்டியவை இரண்டு எழுத்துகள், ணாவும் லையும். இரண்டையும் மாற்றியிருந்தார்கள். கூட்டம் முண்டியடித்து ஏறியது. ஐயா மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த பஸ்ஸை விட்டால் மலையில் தீபம் ஏற்றுவதற்குள் போய்ச் சேர முடியாது.

"ஏம்பா, இது பழைய திருவண்ணாமலைக்குத்தான போவுது?"

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருக்கிறது ஒண்ணுதான் சாமி. ஏறு."

ஐயா ஏறினார்.